கல்யாண கேக்கில் எந்தப் பூ?
அழகுக்கு வைத்தது ஆபத்து ஆகலாம்!

மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து கத்தியைப் பிடிக்கிறார்கள். கேக்கை வெட்டுகிறார்கள். எல்லோரும் கை தட்டுகிறார்கள். கேக்கின் உச்சியில் செக்கச் செவேல் என்று ஒரு கொத்துப் பூ!

அது என்ன பூ? எங்கே பறித்தது? யாரும் கேட்பது இல்லை.

முன்பெல்லாம் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்தில்தான் கேக் வெட்டுவார்கள். இப்போது வரவேற்பு என்றாலே பலர் கேக்குக்கு ஆர்டர் கொடுத்து விடுகிறார்கள். அதிலும் சர்க்கரைப் பூ வேண்டாம், புதுப்பூதான் வேண்டும் என்பது இன்றைய ஆசை. 2018-ம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்து இளவரசர் ஹாரியின் திருமணம் நடந்தது. அந்தக் கேக்குக்கு 150 புதுப்பூக்கள்! அந்த மோகம் நம் ஊருக்கும் வந்து விட்டது.

மலை ஏறும் கேக்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. ஒன்று, 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை. மற்றொன்று குப்பனூரில் இருந்து கொட்டச்சேடு வழியாக ஏறுகிறது. மலை மேல் வரவேற்பு என்றால், கேக் இந்தப் பாதைகளில் ஒன்றில்தான் போக வேண்டும்.

கீழேயே பூவைச் செருகி அனுப்பினால், வளைவுக்கு வளைவு பூ ஆடும். மகரந்தம் கேக்கில் கொட்டும். ஆகவே கேக் தனியாகவும் பூ தனியாகவும் போவதே நல்லது. மேஜையில் வைத்த பிறகு, கடைசி நேரத்தில் அலங்காரம் செய்யலாம்.

சரி, வழியில் அழகாகப் பூத்திருப்பதைப் பறித்து வைத்து விடலாமா? கூடவே கூடாது!

அரளி

சேலம் மாவட்டத்தில் அரளிக்குக் குறைவே இல்லை. பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பயிர் செய்கிறார்கள். மாலைக்கு ஏற்ற பூ. ஆனால் பூ, இலை, தண்டு, வேர் எல்லாமே விஷம். அந்த விஷம் இருதயத்தைத் தாக்கும். நாடித் துடிப்பைக் குலைக்கும்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கேரளத்தில் ஓர் இளம் நர்சு இறந்தார். வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட நாளில் இந்தத் துயரம் நடந்தது. அரளியை மென்றதுதான் காரணம் என்று சந்தேகம் எழுந்தது. மே மாதம் திருவாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் ஒரு முடிவு எடுத்தன. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது. மற்ற பூஜைக்கு இருக்கலாம்.

கேக்குக்கும் இதே கணக்குதான். மேடையில் அரளி இருக்கட்டும். கேக்கில் வேண்டாம்.

அரளியின் உறவுக்காரர்களும் உண்டு. வெள்ளை கேக்குக்குப் பொருத்தமாகத் தோன்றும் நந்தியாவட்டை, அரளிக் குடும்பம். நித்தியகல்யாணியும் அப்படியே! பெயரைக் கேட்டால் கல்யாண வீட்டுக்கென்றே பிறந்தது போல் இருக்கும். அதில் இருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். அதற்காக அது தின்னத் தக்கது ஆகாது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கடும் விஷம். ஊமத்தையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“பூவை யார் தின்னப் போகிறார்கள்?” என்று பெரியவர்கள் கேட்கலாம். குழந்தை தின்னும்! சர்க்கரைப் பூவைத் தின்று பழகிய குழந்தைக்கு, கேக்கில் இருக்கும் பூ எல்லாமே மிட்டாய்தான்.

ரோஜா வைக்கலாமா?

ரோஜா, செம்பருத்தி, செண்டுப்பூ இதழ்கள் விஷம் இல்லை. ரோஜா இதழில்தானே குல்கந்து செய்கிறார்கள்! ஆனால் கடைப்பூ வேறு, வீட்டுப்பூ வேறு. விற்பனைக்கு வளர்க்கும் செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது உண்டு. கழுவினால் புழுதி போகும். மருந்து முழுவதும் போகாது. மருந்து அடிக்காத வீட்டுச் செடியில் பறித்தால் கவலை இல்லை. பூச்சியை உதறி, மெல்ல அலசி, ஈரம் போக உலர்த்த வேண்டும்.

கடைப்பூதான் கிடைத்தது என்றால், ரோஜா போன்ற விஷமற்ற பூவாகப் பார்த்து, கேக்கில் படாமல் வைக்க வேண்டும். பட்டர் பேப்பரை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன் மேல் பூவை அடுக்கலாம். காம்பை நேராகக் கேக்கில் குத்தக் கூடாது. வெட்டிய காம்பில் இருந்து சாறு இறங்கும். சுத்தமான உறிஞ்சுகுழலுக்குள் காம்பை விட்டுச் செருகலாம். கம்பியும் குண்டூசியும் வேண்டவே வேண்டாம். ஒரு துண்டோடு ஊசி போனால் என்ன ஆவது?

விஷப்பூவை எப்படிச் சுற்றி வைத்தாலும் இதழ் உதிரும். அதற்கு எந்தப் பாதுகாப்பும் போதாது.

போட்டோ எடுத்து முடிந்ததும், வெட்டுவதற்கு முன்பே பூக்களை எண்ணி எடுத்து விட வேண்டும். வைக்கும்போதே எண்ணி வைத்தால் ஒன்றும் தவறாது.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது விஷப்பூவைத் தின்று விட்டால்? புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயில் மிச்சம் இருந்தால் துடைத்து எடுத்து, உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். வாந்தி, தலைசுற்றல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மலை மேல் இருந்தால் இன்னும் அவசரம். பெரிய ஆஸ்பத்திரி கீழே சேலத்தில்தான் இருக்கிறது. மீதிப் பூவையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். எந்தப் பூ என்று தெரிந்தால் டாக்டர் தாமதம் இல்லாமல் சிகிச்சையைத் தொடங்கலாம்.