யந்திரம் வந்தது, பாடம் வந்ததா?

செகந்திராபாத்திலிருந்து செர்லபள்ளிப் பக்கம் வேலைக்குப் போய் வரும் தமிழர்களுக்கு 'ஈ.சி.ஐ.எல்.' என்பது பஸ் பலகையில் பார்த்துப் பழகிய பெயர். இந்தியக் கம்ப்யூட்டர் சரித்திரத்திலும் அந்தப் பெயருக்குத் தனி இடம் உண்டு. அணுசக்தித் துறையின் கீழ் 1967-ம் ஆண்டு ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா, டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரைத் தயாரித்தது. அந்நிறுவனத்தை நிறுவிய டாக்டர் ஏ.எஸ். ராவ் அவர்களின் பெயரைத்தான் பக்கத்திலுள்ள ஏ.எஸ். ராவ் நகர் தாங்கி நிற்கிறது.

நாட்டுக்கே கம்ப்யூட்டர் செய்து கொடுத்த நகரம் இது. 1998-ல் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட பிறகு, கம்ப்யூட்டர் வேலை தேடி வருவோருக்கெல்லாம் இதுவே தலைநகரம் போலாயிற்று. ஆயினும், ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் என்று எதைச் சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி இந்நகரத்துப் பெற்றோர் பலருக்கும் கேள்வியாகவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தனியாகக் 'கம்ப்யூட்டர் பீஸ்' கட்டுகிறார்கள். பிள்ளை படம் வரைகிறது, கடிதம் அடிக்கிறது, யந்திரத்தின் பாகங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. இதுதானா பாடம்?

இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷத்துக் கதை ஒன்று உண்டு.

பெட்டி வந்த கதை

1984-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் 'கிளாஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறிவைப் பரப்புவது நோக்கம். முதலில் சுமார் 250 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிரிட்டனில் வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான பி.பி.சி.யின் பெயரில் வெளிவந்த 'பி.பி.சி. மைக்ரோ' என்ற சிறு கம்ப்யூட்டர்கள் தருவிக்கப்பட்டன. நாளடைவில் 12,000 யந்திரங்கள் மாநில அரசாங்கங்கள் மூலம் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த யந்திரத்தின் ஞாபக சக்தி 32 கிலோபைட். இன்று 4 ஜிகாபைட் உள்ள சாதாரண கைப்பேசியின் ஞாபக சக்தி அதைப்போல் ஒரு லட்சத்து முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். ஆனாலும் அந்தச் சின்னப் பெட்டியை வைத்துப் பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தாங்களே புரோகிராம் எழுதப் பழகினார்கள். இங்கே அந்த அளவுக்கு வேர் பிடிக்கவில்லை.

காரணம் யந்திரத்தில் இல்லை. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ஏற்கெனவே வேறு பாடம் நடத்தி வந்த ஆசிரியருக்குச் சில வாரப் பயிற்சிதான் கிடைத்தது. பரீட்சையில் மார்க் இல்லாத பாடம் என்பதால், பாட நேரம் போதாதபோது முதலில் விட்டுக்கொடுக்கப்பட்டதும் இதுவே. பெட்டி பழுதானால் பார்க்க ஆள் இல்லை. விலையுயர்ந்த பொருள் என்று பூட்டி வைத்த இடங்களும் உண்டு.

பிரிட்டனும் சறுக்கியது

யந்திரத்தை அனுப்பிய பிரிட்டனே பிற்பாடு வேறு விதமாகச் சறுக்கியது. அங்கே பள்ளிப் பாடம் மெல்ல மெல்லக் கடிதம் அடிப்பது, கணக்கு அட்டவணை போடுவது என்று குறுகிப்போயிற்று. பிறர் எழுதிய புரோகிராமைப் பயன்படுத்தத் தெரிந்ததே தவிர, எழுதத் தெரியவில்லை. 2012-ம் ஆண்டு ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானக் கழகம் இதைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகு 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் ஐந்து வயதுப் பிள்ளை தொடங்கி எல்லோருக்கும் புதிய கம்ப்யூட்டர் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

யந்திரத்தை இயக்கத் தெரிவது வேறு. யந்திரம் செய்ய வேண்டிய வேலையைப் படிப்படியாக வகுக்கத் தெரிவது வேறு. முதலாவது தட்டெழுத்துப் போல ஒரு கைத்தொழில். தேவையானதுதான், சில மாதத்தில் வந்துவிடும். இரண்டாவதுதான் விஞ்ஞானம். அதை இளம் பிராயத்திலேயே பழக்க வேண்டும் என்கிறார்கள் அறிஞர்கள்.

பெட்டி இல்லாமலே பாடம்

இந்த இரண்டாவது பாடத்துக்குக் கம்ப்யூட்டரே வேண்டியதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நியூசிலாந்தில் பேராசிரியர் டிம் பெல் முதலானவர்கள் அட்டை, கயிறு, சாக்பீஸ் கொண்டே கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தைச் சொல்லித்தரும் முறையை உருவாக்கினார்கள். இந்தியாவிலும் 2016 முதல் 'சி.எஸ். பாடசாலா' என்ற முயற்சி, பள்ளிகளுக்கு இதே போக்கில் பாடங்களைத் தயாரித்து வருகிறது.

உதாரணமாக, 1 முதல் 1,000 வரை ஓர் எண்ணைப் பிள்ளை மனதில் நினைத்துக்கொள்ளட்டும். "ஆம்", "இல்லை" என்று மட்டும் பதில் சொல்லட்டும். பத்தே கேள்வியில் அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். "500-க்கு மேலா?" என்று தொடங்கி, ஒவ்வொரு கேள்வியிலும் மிச்சத்தைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு லட்சம் பெயர் அகர வரிசையில் உள்ள பட்டியலில் ஒரு பெயரைத் தேட இதே முறையில் 17 தடவை பார்த்தால் போதும். பட்டியல் தாறுமாறாக இருந்தால் லட்சம் பெயரையும் பார்க்க நேரலாம். ஆபீசில் பைல்களை ஒழுங்காக அடுக்கி வைக்கும் குமாஸ்தாவுக்கு இந்த உண்மை அனுபவத்திலேயே தெரியும். அதன் கணக்கைத்தான் பிள்ளை கற்கிறது.

இன்னொன்று. 16, 8, 4, 2, 1 என்று எழுதிய ஐந்து அட்டைகளை ஐந்து பிள்ளைகள் வரிசையாகப் பிடித்து நிற்கட்டும். வேண்டிய அட்டையை மட்டும் உயர்த்தினால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். 21 வேண்டுமா? 16, 4, 1 ஆகிய மூன்று அட்டைகள் உயரும். கம்ப்யூட்டர் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே குறியை வைத்து எல்லாக் கணக்கையும் எழுதிக்கொள்ளும் ரகசியம் இதுதான். பத்து நிமிஷத்தில் விளங்கும்.

மூன்றாவது, பத்துப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்துவது. ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு சமயத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரை மட்டுமே ஒப்பிட்டு இடம் மாற்றலாம். எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கிறது, அதைக் குறைக்க வழி உண்டா என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு யோசிப்பார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

வாசற்கோலமும் புரோகிராம்தான்

தமிழர் வீட்டு வாசலிலேயே இதற்கொரு நல்ல பாடநூல் இருக்கிறது. சென்னை தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர், கமலா கிருத்திவாசன் அவர்களுடன் சேர்ந்து 1974-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளிக் கோலங்களுக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது. சில விதிகளைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் சிறு கோலம் பெரிய கோலமாக வளர்கிறது. அந்த விதிகளைக் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் மொழியில் எழுதலாம் என்று காட்டினார்கள். பாட்டி கையில் இருந்த வித்தை உலக ஆராய்ச்சிப் பத்திரிகையில் இடம் பெற்றது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றிய செய்மூர் பேப்பர்ட் தம் சகாக்களுடன் 1967-ல் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கிய 'லோகோ' மொழியும் இந்தப் பாதையில்தான் போகிறது. அதில் திரையில் ஒரு ஆமை இருக்கும். "நூறு அடி முன்னே போ, தொண்ணூறு பாகை வலப்பக்கம் திரும்பு, இதை நாலு தடவை செய்" என்றால் ஆமை சதுரம் போடும். தவறாகச் சொன்னால் தவறான இடத்துக்குப் போகும். பிள்ளை தன் கட்டளையைத் திரும்பப் படித்து, எங்கே பிசகியது என்று தானே கண்டுபிடிக்கும். தவறுக்காக அடியோ திட்டோ இல்லை. தவறைத் தேடித் திருத்துவதே அங்கே வேலை.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஒரு சிறு கோலத்தை எப்படிப் போடுவது என்று, கையைக் காட்டாமல், ஊரிலுள்ள அத்தைக்குப் போனில் சொல்லும்படி பிள்ளையிடம் சொல்லலாம். அதையே எதிர்வீட்டுத் தெலுங்குத் தோழிக்குத் தெலுங்கில் சொல்லட்டும். அவர்களுக்கு அது 'முக்கு'. பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதட்டும். மொழி மூன்றாக மாறினாலும் மாறாமல் நிற்கும் படிகள் எவையோ, அவையே புரோகிராமின் உயிர். மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு அது ஒரு பாரம் என்று வருத்தப்படும் பெற்றோர் உண்டு. இந்தப் பாடத்தில் அது வரம்.

சட்டம் சொல்வது, நடப்பது

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளிலேயே புரோகிராம் எழுதும் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும் என்கிறது. 2021-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அதே வகுப்புகளுக்கு இதை ஒரு திறன் பாடமாகக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் விஞ்ஞானம் பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் பாடமாக இருக்கிறது. அந்த வயதில் முதல் தடவையாகத் தொடங்குவது பல பிள்ளைகளுக்குத் தாமதம்.

பக்கத்து மாநிலமான கேரளம் வேறு வழி போயிற்று. 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தில், பள்ளியில் ஏற்கெனவே இருந்த ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டாத சுதந்திர மென்பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். தாய்மொழியில் பாடம் வந்தது. பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள். 1984-ல் எவையெல்லாம் குறையாக நின்றனவோ, அவையெல்லாம் இங்கே கவனிக்கப்பட்டன. 2018-ல் மாணவர்களே நடத்தும் 'லிட்டில் கைட்ஸ்' சங்கங்களும் தோன்றின.

பெற்றோர் கேட்க வேண்டியது

இதில் கூலி வேலை செய்வோருக்கும் குமாஸ்தாக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எண்ண வேண்டாம். 1980-களில் வங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு வழி சொன்ன 1984-ம் ஆண்டுக் குழுவின் தலைவர், பிற்பாடு ஆந்திர கவர்னராக ஐதராபாத் வந்த டாக்டர் சி. ரங்கராஜன். பல ஆபீஸ்களில் லெட்ஜர் எழுதியவர் இடத்தில் திரை வந்தது. வேலையின் படிகளைப் புரிந்துகொண்டிருந்தவர்கள் புதியதற்கு மாறிக்கொண்டார்கள். கையெழுத்து அழகை மட்டும் நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். இன்று கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது என்கிறார்கள். அப்படியானால் ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் கற்ற பிள்ளை நாளைக்குத் தடுமாறும். யந்திரம் எழுதித் தந்தது சரியா, தவறா என்று பார்க்கத் தெரிந்த பிள்ளை நிற்கும்.

ஆகவே பள்ளியில் பீஸ் கட்டும்போது சில கேள்விகள் கேட்பது நல்லது. வாரத்தில் எத்தனை பீரியட்? ஒரு யந்திரத்துக்கு எத்தனை பிள்ளைகள், அதில் பெண் பிள்ளைகளின் கைக்கும் விசைப்பலகை வருகிறதா? பிள்ளை தானாக எழுதிய புரோகிராம் ஒன்றையாவது காட்டுவார்களா? பரீட்சையில் கேட்பது பாகங்களின் பெயரா, கணக்கின் வழியா? 'கோடிங்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் டியூஷன் விளம்பரங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.

செகந்திராபாத்தில் மஹ்பூப் கல்லூரியைத் தொடங்கியவர் சோமசுந்தரம் முதலியார் என்ற தமிழர். அது 1862-ம் ஆண்டு. அன்றைக்குப் புதுக் கல்வி என்றால் ஆங்கிலம். ஊரை விட்டு வந்து குடியேறிய இடத்தில், தம் பிள்ளைகளுக்கும் பிறர் பிள்ளைகளுக்குமாக ஒரு பள்ளி வைத்தார். இன்றைய புதுக் கல்விக்கு அவ்வளவு பெரிய கட்டடம்கூடத் தேவையில்லை. இரட்டை நகரங்களில் தமிழர் கூடும் எந்த மண்டபத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், ஐந்து அட்டைகள், ஒரு சாக்பீஸ், பொறுமையுள்ள ஓர் இளைஞர் போதும். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கு இந்நகரில் பஞ்சமில்லை. அவர்களில் நாலு பேர் முன்வந்தால், பீஸ் கட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் இந்தப் பாடத்தைத் தொடங்கிவிடலாம்.