திருகோணமலை வெயிலும் ஒரு கோப்பைப் பழக்கலவையும்

ஆகஸ்ட் லீவு வந்தால் கோணேசர் கோவிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் வேன் பிடித்துப் போகிற தோட்டக் குடும்பங்கள் பல. குளிர் மலையிலிருந்து இறங்குகிற நம்மாட்களை முதலில் வாட்டுவது அந்த ஊர் வெக்கைதான். ஹட்டன் பக்கம் மழையில் நனைந்து கொழுந்தெடுக்கிற அதே மாதங்களில் அங்கே ஏன் இப்படி எரிகிறது? இரண்டுக்கும் காரணம் ஒரே காற்று. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று தன் ஈரத்தை மலையின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறிவிடுகிறது. கிழக்கில் இதற்குக் கச்சான் காற்று என்று பேர். நாம் கொறிக்கிற கச்சான் வேறு!

இந்தக் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று பிள்ளைகள் தண்ணி குடிக்காமல் ஓடித் திரிவார்கள். பின்னேரம் தலையிடி, வாந்தி என்று படுப்பார்கள். அடிக்கடி தண்ணி கொடுங்கள். அதோடு, போத்தல் சோடாவுக்குக் கொடுக்கிற காசில் திருகோணமலைச் சந்தையில் பழம் வாங்கினால் எல்லாருக்கும் ஒரு கோப்பை வரும்.

ஏழெட்டுப் பேருக்கு நடுத்தரப் பப்பாசி ஒன்று, கறுத்தக்கொழும்பான் அல்லது வில்லாட் மாம்பழம் இரண்டு, வாழைப்பழம் ஐந்தாறு, சின்ன அன்னாசி ஒன்று, வத்தகப்பழம் ஒரு துண்டம் போதும். பழங்களை முழுசாகவே நல்ல தண்ணியில் கழுவி, அதன்பிறகு தோலைச் சீவுங்கள். தோலில் இருக்கிற அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகும். கத்தியும் பலகையும் மீன் வெட்டினதாக இருக்கக் கூடாது. வாழைப்பழத்தைக் கடைசியாக நறுக்கி, உடனே ஒரு தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள், கறுக்காது. ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் போடலாம். சீனி இரண்டு தேக்கரண்டி போட்டால் பழம் தானாகவே சாறு விடும். சீனி வருத்தக்காரர் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், பழத்தையும் அளவாகவே கொடுங்கள்.

அந்தப் பக்கம் போய்க் கிண்ணியாத் தயிர் வாங்காமல் வருகிறவர்கள் குறைவு. சட்டியில் உறைந்த எருமைத் தயிர். பழத்தின் மேல் ஊற்றிச் சாப்பிட அருமையாக இருக்கும், ஆனால் சாப்பிடும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். அன்னாசியிலும் பப்பாசியிலும் புரதத்தை உடைக்கிற ஒரு பொருள் இருக்கிறது. தயிரோடு கலந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும். தயிர் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்!

ஐஸ் போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. எந்தத் தண்ணியில் செய்ததென்று யாருக்குத் தெரியும்? வெட்டின பழத்தை அந்த வெக்கையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவும் வேண்டாம். மிஞ்சினதை மூடி வைத்து வேனில் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கொடுப்பதால்தான் பாதி வழியில் வயிற்றோட்டம் வருகிறது.

இனிப் பெண்களுக்கு முக்கியமான ஒன்று. இரத்தச் சோகை நம் தோட்டங்களில் பழைய வியாதி. பருப்பிலும் கீரையிலும் இரும்புச்சத்து இருந்தாலும் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு விற்றமின் சி உள்ள பழம் சேர்ந்தால் கூட எடுக்கும். தேத்தண்ணி சேர்ந்தால் குறைத்துவிடும். நாம் பறிக்கிற கொழுந்துதான், என்ன செய்வது! ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

இதற்குத் திருகோணமலைக்குப் போகவும் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால் நிற்கிற கொய்யாவில் தோடம்பழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு விற்றமின் சி இருக்கிறது. கொய்யா, வாழைப்பழம், கொஞ்சம் பப்பாசி, தேசிக்காய்ச் சாறு: வீட்டுக் கலவைக்கு இவ்வளவும் போதும். கொய்யாவைத் தோலோடு நறுக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் கொட்டையை எடுத்துவிடுங்கள்.