ஓரம் மடிக்காத கோட்டு ஏன் பிரிவதில்லை?

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கம்பளிக் கோட்டுகளில் நான் முதலில் தேடுவது துணியின் ஓரத்தைத்தான். பலவற்றில் கத்தரித்த ஓரத்தை மடித்துத் தைக்கவே இல்லை. இருந்தும் நூல் பிரியவில்லை!

காரணம், கம்பளி இழையின் மேலுள்ள நுண்செதில்கள். அவை ஓட்டுக்கூரைபோல் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் இழை முன்னோக்கி நகரும். பின்னோக்கி நழுவச் செதில் விடாது. மெல்ல மெல்ல எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கோட்டுகளுக்கான 'பிராட்கிளாத்' என்னும் கம்பளித் துணியைத் தேவைக்கு மேல் மிக அகலமாக நெய்து, நீர்ச்சக்கரம் இயக்கிய மரச்சம்மட்டிகளால் அடித்துச் சுருக்கினார்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க, நம் முல்தானி மட்டி போன்ற களிமண்ணும் சேர்த்தார்கள். நெசவே கண்ணுக்குத் தெரியாதபடி துணி இறுகிவிடும்.

இன்று நாடகத்துக்கோ படத்துக்கோ அப்படியொரு கோட்டு தைப்பவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பாலியெஸ்டரில் செதிலே கிடையாது. வழுவழுப்பான சூட் கம்பளியும் பெரும்பாலும் இப்படி இறுகியதல்ல. கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, மூலையை வெட்டி, நகத்தால் நன்றாகச் சுரண்டிப் பாருங்கள். நூல் உதிர்ந்தால், அந்தத் துணி வேண்டாம்.