'ஸ்டோரேஜ் ஃபுல்' என்கிறதா போன்? ஆதாரப் படங்களை அழிக்கும் முன் இதைப் படியுங்கள்!

ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி. நடுவில் நீளும் மணல்திட்டில் இருக்கிறது திருவள்ளூர் மாவட்டத்தின் காட்டுப்பள்ளி. கிழிந்த வலை, உடைந்த படகு, கடல் அரித்த கரை... இங்குள்ள மீனவக் குடும்பங்களுக்கு இவற்றுக்கெல்லாம் செல்போன் படம்தான் சாட்சி.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, அருகிலுள்ள எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்ப் படலம் பரவியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து விசாரித்தது. இதுபோன்ற நேரத்தில் போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்தால், இழப்பீடு கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

போதாது. வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தின் தரம் குறைகிறது. எடுத்த தேதி, நேரம், இடம் போன்ற உள்விவரங்களும் நீங்கிவிடுகின்றன. எனவே 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். ஒரிஜினல் ஃபைலைக் கட்டாயம் வைத்திருங்கள். கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன்' ஆன் செய்திருந்தால்தான் இடம் பதிவாகும்.

இடம் காலி செய்ய...

* கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடமாக 'எஸ்.டி. கார்டு' எனத் தேர்ந்தெடுங்கள்.
* வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' சென்று, குட்மார்னிங் படங்கள், ஃபார்வர்டு வீடியோக்களை முதலில் நீக்குங்கள். ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள்.
* கார்டைப் போட்டதும் 'போன் ஸ்டோரேஜாகப் பயன்படுத்தவா?' என்று சில போன்கள் கேட்கும். சம்மதித்தால் அதிலுள்ளவை அழிந்து, கார்டு அந்த போனுக்கு மட்டுமே சொந்தமாகிவிடும். போன் பழுதானால் வேறு போனில் படங்களைத் திறக்க முடியாது. 'போர்ட்டபிள் ஸ்டோரேஜ்' என்பதே பாதுகாப்பு.

வாங்கும்போது கவனம்

மிக மலிவாகக் கிடைக்கும் 1 டி.பி. கார்டுகளில் போலிகள் அதிகம். உள்ளே இருக்கும் இடம் நிரம்பியதும், புதிதாக எடுக்கும் படங்கள் பதிவானதுபோல் காட்டிவிட்டுக் காணாமல் போகும். பில்லோடு வாங்கி, முழுக் கொள்ளளவுக்கும் ஃபைல்களைக் காப்பி செய்து, அவை திறக்கின்றனவா என்று பாருங்கள்.

'கார்டு கரப்ட்' என்று வந்தால்...

'ஃபார்மட்' பட்டனைத் தொடாதீர்கள். புதிதாக எதையும் பதியவும் வேண்டாம். பழைய படங்களின் மேல் அது எழுதப்பட்டுவிடலாம். போனை ஆஃப் செய்து கார்டை எடுத்து, மென்துணியால் துடைத்து, கார்டு ரீடர் மூலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். திறந்தால் உடனே காப்பி எடுங்கள். திறக்காவிட்டால் 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் பல நேரங்களில் மீட்டுத் தரும். மீட்ட படங்களைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும், அதே கார்டில் அல்ல.

உப்புத் தண்ணீரில் விழுந்தால்...

போனை உடனே ஆஃப் செய்யுங்கள், சார்ஜ் போடாதீர்கள். கார்டை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் ஒருநாள் காயவையுங்கள். உப்பு தங்கினால் அதன் உலோக முனைகள் அரித்துவிடும்.

ஒரு காப்பி போதாது

மெமரி கார்டும் ஒருநாள் பழுதாகும். கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரை இலவசம். முக்கியமான படங்களை அதிலும், வீட்டிலுள்ள ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தேதியையும் ஊர்ப் பெயரையும் சூட்டுங்கள். அதிகாரி கேட்கும் அன்று தேடி அலைய வேண்டியிருக்காது.