ஒரு பல் குறைந்தால் இழுவை, ஒரு பல் கூடினால் ஓட்டம்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் சுழற்சி பின்சக்கரத்தை அடைவதற்குள் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. கிராங்க் ஷாஃப்டிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி கியர் முதல் கட்டம். காலால் மாற்றும் கியர்பாக்ஸ் இரண்டாவது. கியர்பாக்ஸ் தண்டின் முனையில் உள்ள சிறிய ஸ்ப்ராக்கெட், பின்சக்கரத்தில் பொருத்திய பெரிய ஸ்ப்ராக்கெட், இரண்டையும் இணைக்கும் செயின் ஆகியவை சேர்ந்தது மூன்றாவது. முதல் இரண்டில் கை வைக்க எஞ்சினையே பிரிக்க வேண்டும். மூன்றாவது வெளியில் இருக்கிறது. பட்டறையில் சாதாரணமாக உள்ள கருவிகளே போதும். வண்டியின் போக்கைத் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்ற நினைப்பவர்கள் இங்கேதான் தொடங்குகிறார்கள்.

பின் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை முன் ஸ்ப்ராக்கெட்டின் பற்களால் வகுத்தால் கிடைப்பது இறுதி விகிதம். பட்டறைப் பேச்சில் ‘ரேஷியோ’. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் விகிதம் 3. முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இந்த எண் கூடினால் சக்கரத்துக்கு வரும் முறுக்கு விசை கூடும். அதே எஞ்சின் சுழற்சியில் வண்டியின் வேகம் குறையும். எண் குறைந்தால் இதற்கு நேர்மாறு. மாற்றம் எல்லா கியர்களுக்கும் ஒரே அளவில்தான் பொருந்தும். முதல் கியரை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட முடியாது.

ஸ்ப்ராக்கெட் மாற்றுவதால் எஞ்சினின் சக்தி துளியும் கூடுவதில்லை. இருக்கிற சக்தி எந்த வேகத்தில் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதை மட்டுமே அது மாற்றுகிறது.

ஒரு வண்டி, மூன்று கணக்கு

2013-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த கே.டி.எம். 390 டியூக்கை எடுத்துக்கொள்ளலாம். அதில் முன்னால் 15 பல், பின்னால் 45 பல், விகிதம் 3. ஆறாவது கியரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, டயர் அளவையும் மற்ற கியர் விகிதங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 5,800 முறை சுற்றும்.

முன் ஸ்ப்ராக்கெட்டை 14 பல்லாகக் குறைத்தால் விகிதம் 3.21 ஆகும். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தைத் தள்ளும் விசை ஏறத்தாழ 7 சதவீதம் கூடும். நெரிசலில் குறைந்த வேகத்தில் ஊரும்போது எஞ்சின் திணறுவதும் செயின் வெட்டி வெட்டி இழுப்பதும் குறையும். அதற்கு விலை, அதே 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 6,250 வரை சுற்ற வேண்டியிருப்பது. உச்ச சக்தி கிடைக்கும் 9,500 சுற்றில் 163 கி.மீ. ஆக இருந்த வேகம் கணக்குப்படி 152-க்கு இறங்கும்.

16 பல் போட்டால் விகிதம் 2.81. 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் 5,450-க்கு அமைதியாகும். கணக்குப்படி உச்ச வேகம் 174 வர வேண்டும், சாலையில் வராது. காற்றின் தடையை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 163-லிருந்து 174-க்குப் போக ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும். எஞ்சினிடம் அது இல்லை. ஆகவே முன்னால் பல்லைக் கூட்டுவதால் கிடைப்பது உச்ச வேகம் அல்ல, நெடுஞ்சாலையில் அதிர்வும் இரைச்சலும் குறைந்த ஓட்டம்.

யாருக்கு எது?

நகரத்துக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புபவர், பால் கேன் போன்ற சுமை ஏற்றுபவர், எப்போதும் பின்னால் ஒருவரை உட்காரவைத்துப் போகிறவர், மண் பாதையில் ஓட்டுபவர் ஆகியோருக்கு விகிதம் சற்றுக் கூடுவது நல்லது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலை போன்ற ஏற்றங்களில், இரண்டாவது கியரில் இழுக்காமலும் முதல் கியரில் அலறியும் தடுமாறும் வண்டிக்கு ஒரு பல் வித்தியாசமே பெரிய உதவி.

நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போகிறவருக்கு விகிதம் குறைவது பொருந்தும். கடைசி கியரில் ஓடும்போதும் கால் தானாக இன்னொரு கியரைத் தேடுகிறது என்றால் அதுதான் அறிகுறி. அதற்கு மாறாக, கடைசி கியரைப் போட்டதும் வண்டி சோர்ந்து, சிறு ஏற்றத்துக்கும் கியரைக் குறைக்க வேண்டியிருந்தால், விகிதம் ஏற்கெனவே தாழ்வாக இருக்கிறது என்று பொருள்.

மைலேஜும் இதில் அடங்கியதே. எஞ்சின் சுழற்சி குறைந்தால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது சமதளத்தில், சீரான வேகத்தில், எஞ்சினுக்கு இழுக்கும் தெம்பு இருக்கும் வரை உண்மை. தெம்பு போதாத இடத்தில் ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக முறுக்க வேண்டிவரும், அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டிவரும். மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

பந்தயப் பாதைகளில் ஸ்ப்ராக்கெட் மாற்றுவது அன்றாட வேலை. கோவையின் கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ. நீளம், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பாதை சுமார் 3.7 கி.மீ.; கிரேட்டர் நொய்டாவின் புத் சர்க்யூட்டில் நேர்ப்பாதை மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல். மிக நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் கடைசி கியரில் எஞ்சின் தன் உச்சத்தைத் தொட வேண்டும் என்பதை வைத்து அணிகள் பல் எண்ணிக்கையை முடிவு செய்கின்றன.

முன்னாலா, பின்னாலா?

முன்னால் ஒரு பல்லைக் குறைப்பது, பின்னால் ஏறத்தாழ மூன்று பல்லைக் கூட்டுவதற்குச் சமம். 15/45 என்பதை 14/45 ஆக்கினால் 3.21, 15/48 ஆக்கினால் 3.2. முன் ஸ்ப்ராக்கெட் விலை குறைவு, மாற்றும் நேரமும் குறைவு. பிடிக்காவிட்டால் பழையதையே திரும்பப் போட்டுவிடலாம். அதனால் சோதித்துப் பார்க்க அதுவே ஏற்றது. ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் சிறிதாகச் சிறிதாகச் செயின் கூர்மையாக வளைய வேண்டியிருக்கும். விசையைத் தாங்கும் பற்களும் குறையும். செயின் தேய்மானம் கூடுவதோடு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேல் உள்ள ரப்பர் பட்டையில் அது உரசவும் தொடங்கும். விரும்பும் விகிதம் எதுவென்று தெளிவான பிறகு, அடுத்த முறை செயின் செட் மாற்றும்போது அதைப் பின் ஸ்ப்ராக்கெட் மூலம் அடைவது நீடித்த வழி.

செயினின் கணக்கு

ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் செயினின் தேவை அரைக் கண்ணி அளவு மாறும். 520 வகைச் செயினில் பின் ஆக்சில் சுமார் 4 மி.மீ. நகர வேண்டும், பின்னால் மூன்று பல் கூட்டினால் சுமார் 12 மி.மீ. ஸ்விங் ஆர்மில் உள்ள சரிசெய்யும் இடம் இதற்குப் போதாவிட்டால் வேறு நீளச் செயின் தேவை. 

செயினில் அச்சிட்டிருக்கும் எண்ணும் ஸ்ப்ராக்கெட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் இலக்கம் கண்ணிக்குக் கண்ணி உள்ள தூரத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காகச் சொல்கிறது. 428 என்றால் 12.7 மி.மீ.; 520 என்றால் ஏறத்தாழ 15.9 மி.மீ. மற்ற இரண்டு இலக்கங்கள் கண்ணியின் உள் அகலத்தைக் குறிக்கின்றன. ஒன்றின் செயின் மற்றதன் பல்லில் உட்காராது.

ஸ்பீடோமீட்டரையும் கவனிக்க வேண்டும். வேகத்தை முன்சக்கரத்திலிருந்து அளக்கும் வண்டிகளில் மாற்றம் இராது. கியர்பாக்ஸ் தண்டிலிருந்து அளக்கும் வண்டிகளில் காட்டும் வேகமும் ஓடிய தூரமும் பிசகும்: முன்னால் ஒரு பல் குறைத்தால், உண்மையில் போவதைவிட அதிக வேகத்தை அது காட்டும்.

மாற்றும்போது

சிறிய வண்டிகள் பலவற்றில் முன் ஸ்ப்ராக்கெட்டை இரண்டு போல்ட்டுகள் கொண்ட ஒரு தகடு பிடித்திருக்கும். பெரிய வண்டிகள் பலவற்றில் ஒரு பெரிய நட்டும், அதன் விளிம்பை மடித்துப் பூட்டிய வாஷரும் இருக்கும். மடிப்பை நிமிர்த்திவிட்டு, செயின் பூட்டியிருக்கும்போதே பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ள, நட்டைத் தளர்த்த வேண்டும். செயினைக் கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட் நட்டோடு சேர்ந்து சுழலும். முன் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் உறையைத் திறந்ததும் உள்ளே படிந்திருக்கும் கிரீஸ் கலந்த மண்ணைச் சுரண்டி எடுப்பது அவசியம்.

பழைய பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கிபோல வளைந்திருந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்து நீண்ட செயின் புதிய பல்லையும் விரைவில் தின்றுவிடும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் ஒன்றாக மாற வேண்டும். பூட்டிய பின், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்குச் செயினில் தொய்வு இருக்கிறதா, ஸ்விங் ஆர்மின் இரு பக்கக் குறிகளும் ஒரே இடத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புதுச் செயின் ஓட ஓடச் சற்று இளகும் என்பதால், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தொய்வை மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.