கோரை தின்னாத கோரைத்தின்னி

நாற்று நடும்போது நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வார்கள் வேளாண் அலுவலர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பாவுக்கு நாற்று பறிப்பவர்கள் காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலை நுனியில் பழுப்பு மயிர் மூடிய ஒரு சிறு திட்டு இருக்கும். அதுதான் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல். அந்த மயிர், தாய்ப்பூச்சி தன் வயிற்று நுனியிலிருந்து உதிர்த்துப் போர்த்தியது.

பொரிந்த புழு தண்டுக்குள் புகுந்துவிடும். இளம்பயிராக இருந்தால் நடுக்குருத்து காய்ந்துபோய், இழுத்ததும் கையோடு வரும். இது குருத்து காய்தல். கதிர் வாங்கிய பயிராக இருந்தால் மணி பிடிக்காமல் வெளுத்து விறைத்து நிற்கும். அதற்குப் பெயர் வெண்கதிர். பூச்சி ஒன்றுதான், சேதத்துக்குத்தான் இரண்டு பெயர்.

பெயர் வைப்பதில் விஞ்ஞானிகளும் சளைத்தவர்கள் இல்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் அந்துப்பூச்சிகளைப் பட்டியலிட்ட பிரான்சிஸ் வாக்கர், 1863இல் இதற்கு 'கைலோ இன்சர்டுலாஸ்' என்று பெயரிட்டார். அதே ஆண்டில் இதே பூச்சியை வேறொரு பேரினத்தில் சேர்த்து 'பைபங்டிஃபெரா', அதாவது இருபுள்ளி தாங்கி, என்றும் எழுதிவைத்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெண் பூச்சி வைக்கோல் மஞ்சள்; முன்சிறகு இரண்டிலும் மைப்பொட்டு வைத்ததுபோல் ஒவ்வொரு கரும்புள்ளி. ஆணோ உருவில் சிறியது, மங்கல் பழுப்பு, புள்ளியும் எடுப்பாகத் தெரியாது. இரண்டையும் ஜோடி என்று சொன்னால் நம்பச் சிரமம்.

பிறகு அதன் பேரினத்தை 'ஷோனோபியஸ்' என்றார்கள். 1960இல் ஆஸ்திரேலியப் பூச்சியியலாளர் காமன் 'ட்ரைபோரைசா' என்ற புதுப் பேரினத்தை உருவாக்கினார். 'ஒரைசா' என்றால் நெல், பொருத்தமான பெயர்தான். ஆனால் 1981இல் தாய்லாந்தின் அங்கூன் லெவானிச், இனப்பெருக்க உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டு ஆராய்ந்து, தனிப் பேரினம் தேவையில்லை என்று 'ஸ்கிர்போஃபாகா'வோடு இணைத்துவிட்டார். மூத்த பெயருக்கே முதலிடம் என்பது வகைப்பாட்டு விதி. இந்தப் பெயரோ 1832இல் வியன்னாவின் டிரைட்ஷ்கே வைத்தது. பீத்தோவனின் 'ஃபிடெலியோ' இசை நாடகத்துக்கு வசனத்தைத் திருத்திக் கொடுத்த அதே டிரைட்ஷ்கேதான்! பெயரின் பொருள் கோரைத்தின்னி. நம் பூச்சி வாழ்வது நெல்லை நம்பி.

இதே பேரினத்தில் கரும்பின் நுனிக்குருத்தைத் துளைக்கும் வெள்ளைப் பூச்சியும் உண்டு. இந்திய நூல்கள் நெடுங்காலம் அதை 'நிவெல்லா' என்றே எழுதிவந்தன. அது 'எக்செர்ப்டாலிஸ்' என்று தெளிவானதும் 1981 ஆய்வில்தான்.

இப்போது நெல் வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார்கள். அதிலுள்ள குப்பியில் இருப்பது பெண்பூச்சியின் மணம். காலையில் பொறியின் பையை அவிழ்த்து, பொட்டு வைத்த மஞ்சள் பூச்சியைத் தேடினால் கிடைக்காது. விழுந்து கிடப்பதெல்லாம் மங்கல் பழுப்பு ஆண்கள். பெண்ணைப் பார்க்க வேண்டுமானால் ராத்திரி விளக்குப்பொறி பக்கம்தான் போக வேண்டும்.