பார்வை 2-இல் காண்க

எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரும் பதிலில் மேலே 'பொருள்', அதன்கீழ் 'பார்வை' என்று ந.க. எனத் தொடங்கும் கோப்பு எண்களும் தேதிகளும் இருக்கும். பிறகு, 'பார்வை 2-இல் காணும் கடிதத்தின்படி தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது' என்று ஒரே வரி. அந்த இரண்டாவது கடிதம் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதியது. மனுதாரர் கண்ணில் பட்டதே இல்லை. பெயர்தான் பார்வை! இந்த ஊருக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 1993 வரை இது கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. பழைய ஆணை ஒன்றை எண்ணால் மட்டும் சுட்டினால், கடலூரா, விழுப்புரமா, கள்ளக்குறிச்சியா, எங்கே போய்த் தேடுவது?

'பார்வை' காட்டிப் பதில் சொல்லும் இந்த நடை ஆங்கிலேயர் கால அலுவலகக் கடிதங்களிலிருந்து வந்தது. 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் சொற்கள் தமிழாயின, கடிதத்தின் அச்சு மாறவில்லை. 'தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது' என்பதில் ஈர்ப்பவர் யார் என்று இன்றும் தெரியாது. இதில் வேடிக்கை, பிரிட்டனின் கருவூலத் துறை கேட்டுக்கொண்டதால் எர்னஸ்ட் கவர்ஸ் 1948-லேயே 'ப்ளெயின் வேர்ட்ஸ்' நூலை எழுதி, இத்தகைய தேய்ந்த கடிதத் தொடக்கங்களை விடச் சொல்லிவிட்டார். அவர்கள் கழிக்கச் சொன்னதை நாம் பத்திரப்படுத்தினோம். 'மேற்படி' என்று சுட்டுவது தமிழில் பழைய வழக்கம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சோழர் கால நிலக்கொடைக் கல்வெட்டுகள் கீழெல்லை, தென்னெல்லை என நான்கையும் விவரித்த பிறகே 'இந்நான்கெல்லைக்கு உட்பட்ட' என்று சுட்டும். சுட்டப்படும் பொருள் அதே கல்லில் இருக்கும்.

எண் இல்லாமல் கோப்பை எடுக்க முடியாது என்று அலுவலர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எண் இருக்கட்டும், அது கோப்பு எடுப்பவருக்கான வசதி, மனுதாரருக்கான பதில் அல்ல. ஒரு கடிதத்தைச் சுருக்கிச் சொன்னால் பொருள் திரியும் என்ற அச்சத்துக்கும் வழி உண்டு: நகலை இணைத்துவிடலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவின் காரணங்களைப் பாதிக்கப்படுவோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எண்ணும் தேதியும் காரணம் ஆகா. உங்களுக்கு இப்படியொரு பதில் வந்தால், அச்சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, பார்வையில் உள்ள கடிதத்தின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் அலுவலகத்தார் பதில் தந்தாக வேண்டும்.